குதிரையை மாற்றுகிறவர்கள் கடிவாளத்தைப் பார்க்கிறார்களா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் பூக்கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நடுவே இன்னொரு திருவிழாவும் நடக்கும். நகரை ஒட்டிய மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கார்களை ஏற்றும் மலையேற்றப் பந்தயம் அது. 1934ஆம் ஆண்டு தொடங்கியது. இங்கே கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொரு காரும் தனித்தனியே மேலே ஏறவேண்டும், எடுத்த நேரத்தைக் கணித்து வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். எதிராளி என்று யாருமில்லை. சரிவும் கடிகாரமும்தான் எதிரிகள்.

இந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குள் ஆண்டுதோறும் மூளும் வாக்குவாதம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச் சென்ற பழைய எம்.ஜி., ட்ரையம்ஃப் போன்ற இருக்கை இரண்டு கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில், அவற்றின் சொந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த சக்தி வாய்ந்த எஞ்சினைப் பொருத்துவது தகுமா என்பதே அது. தகாது என்பவர்கள் இதைக் கோயில் சிலைக்குப் பிளாஸ்டிக் கை ஒட்டுவதற்கு ஒப்பிடுகிறார்கள். தகும் என்பவர்கள், ஓடாத சிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

பேராதனையில் கலைப்பட்டம் படித்த உனக்கு எஞ்சின் சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பத்திரிகைச் செய்தியாளனுக்குக் காத்திருப்பதுதான் தொழிலில் பாதி. மலையகத்தில் தொழிற்சங்கக் கூட்டம் முடியவும், மண்சரிவு அகற்றப்படவும் காத்திருந்த பொழுதுகளில் பெரும்பகுதியை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கராஜ்களின் வாங்குகளில்தான் கழித்திருக்கிறேன். அங்கே கேட்டதும் பார்த்ததும் ஒரு பட்டப்படிப்புக்குக் குறைந்தவையல்ல.

முதலில், எஞ்சினை மாற்ற நினைப்பவர்களின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உறிஞ்சி, அதில் எரிபொருளைக் கலந்து எரிக்கும் ஒரு பம்பு. காற்று குறைந்தால் எரிப்பு குறையும். கொழும்பில் நூறு குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் நுவரெலியாவில் எண்பதைச் சற்றே தாண்டினால் அதிகம். அதாவது, எங்கே ஏற்றம் அதிகமோ அங்கேதான் வலுவும் குறைகிறது. 1275 சிசி எஞ்சினும் 65 குதிரைவலுவும் கொண்ட எம்.ஜி. மிட்ஜெட் ஒன்றை மலைக்குக் கொண்டுவருபவர், ஐந்தில் ஒரு பங்கைக் காற்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுத்தான் ஏறத் தொடங்குகிறார். கூடுதல் வலு வேண்டும் என்ற ஆசை வெறும் ஆடம்பரமல்ல.

எஞ்சின் மாற்றம் நம்மவர் கண்டுபிடித்த குறுக்கு வழியும் அல்ல. 1949ஆம் ஆண்டு பிரித்தானிய மலையேற்றச் சாம்பியன் பட்டத்தை வென்ற சிட்னி அலார்ட் ஓட்டியது எதை? தன் காரில், போரில் மிஞ்சிய ஓஸ்திரிய ஸ்டெயர் இராணுவ வாகனத்தின் காற்றால் குளிரூட்டப்படும் வி-8 எஞ்சினைப் பொருத்தியிருந்தார். பகைநாட்டு இராணுவத்தின் எஞ்சினோடு ஆங்கிலேயர் மலையேற்றப் பட்டத்தைத் தட்டிச்சென்றார்! 1962இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, ஏ.சி. ஏஸ் என்ற ஆங்கிலேயச் சிறுகாரில் ஃபோர்ட் வி-8 எஞ்சினை ஏற்றி உருவாக்கியதுதான் இன்று கோடிகளில் விலை போகும் கோப்ரா. புனிதம் பேசுகிறவர்கள் கோப்ராவைக் கண்டால் கைகூப்புவதையும் பார்த்திருக்கிறேன்.

இதில் சன்பீம் டைகரின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. சன்பீம் அல்பைன் என்ற அழகான, அதிகம் அவசரப்படாத காருக்குள் 1964இல் 4.2 லீற்றர் ஃபோர்ட் எஞ்சினைத் திணித்தார்கள். வலு ஏறக்குறைய இரட்டித்தது. ஆனால் இடம் போதவில்லை. ஸ்டியரிங் அமைப்பையே மாற்றவேண்டி வந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டுமானால் பொனெட்டைத் திறந்து பயனில்லை, காருக்குள்ளே அமர்ந்து தடுப்புச் சுவரில் உள்ள துவாரத்தின் வழியாகத்தான் கை நீட்டவேண்டும். சேலைக்கேற்ற இரவிக்கை தைக்கலாம், இரவிக்கைக்கேற்பச் சேலை நெய்ய முடியுமா என்று எங்கள் ஊர்த் தையற்காரர் சொல்வார். அவர்கள் நெய்துதான் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் காரை முடித்துவைத்தது தொழில்நுட்பமல்ல, வியாபாரம். சன்பீமின் உரிமை கிறைஸ்லர் கைக்குப் போயிற்று. போட்டி நிறுவனமான ஃபோர்ட்டின் எஞ்சினை விற்றுக்கொண்டிருப்பது அவர்களுக்கு அழகாக இல்லை. 1967இல் டைகர் நின்றது.

அதற்கு மாறாக, எம்.ஜி.பி. காருக்குள் ரோவரின் 3.5 லீற்றர் வி-8ஐ வைத்தது நல்ல புத்தி. முதலில் கென் கொஸ்டெல்லோ என்ற தனிமனிதர் செய்துகாட்டினார். பின்னர் 1973இல் தொழிற்சாலையே செய்தது. 95 குதிரைவலு 137 ஆயிற்று. ஆனால் அந்த வி-8 அலுமினியத்தால் ஆனது. கழற்றிய இரும்பு எஞ்சினுக்கும் பொருத்திய புது எஞ்சினுக்கும் எடையில் பெரிய வேறுபாடில்லை. காரின் மூக்கு தாழவில்லை, வளைவில் அதன் குணம் கெடவில்லை. எஞ்சின் மாற்றத்தில் குதிரைவலுவைக் காட்டிலும் எடையே முதல் கேள்வி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு எஞ்சின் மாற்றம் என்பது பொழுதுபோக்கு ஆகுமுன்பே பிழைப்பாக இருந்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜுக்கும் ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டி வாடகைக்கு ஓட்டிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய எஞ்சின்கள் வரிசை வரிசையாக வந்து அடுக்கப்பட்டன. ஜப்பானில் கார் வாங்கி மூன்று ஆண்டு கழிந்தால் கட்டாயப் பரிசோதனை, அதன்பின் இரண்டு ஆண்டுக்கொருமுறை. அதற்கு ஆகும் செலவுக்கு அஞ்சிப் பலர் நல்ல காரையே தள்ளிவிடுகிறார்கள். அங்கே பரிசோதனைக்கு அஞ்சிக் கழிக்கப்பட்டது, இங்கே பரிசோதனையே இல்லாத சாலையில் மறுபிறவி எடுக்கிறது. இந்த முரணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது இந்தத் தொழிலுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டும், வரிகளோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டு இருக்கிற வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டலாம் என்று திரும்பியவர்கள் ஏராளம். டொயோட்டாவின் 1.6 லீற்றர் இரட்டை கேம் எஞ்சின், 1989இல் வந்து 160 குதிரைவலு தந்த ஹொண்டாவின் பி-16 என்றெல்லாம் ஹட்டன் கராஜ் பையன்கள் சொல்லும்போது, கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கைச் சொல்வதுபோல அவர்கள் முகம் மலரும்.

65 குதிரைவலுவுக்காக வரையப்பட்ட ஒரு சின்னக் காரில் 160 குதிரைவலுவை வைத்தால் என்ன நடக்கும்? எஞ்சின் மட்டும் மாறுவதில்லை. அந்த முறுக்கு விசை கிளட்சுக்குப் போகிறது, கியர்பெட்டிக்குப் போகிறது, பின் அச்சுக்குப் போகிறது. எது பலவீனமோ அது முதலில் முறியும். வெப்பம் கூடுவதால் ரேடியேட்டர் போதாது. இவையெல்லாம் பரவாயில்லை. முறிந்தால் வண்டி நிற்கும், கொதித்தால் புகை வரும், பணம் போகும். பிரேக்கின் கதை வேறு. அது போதாது என்பது தெரியவருகிற கணத்தில் வண்டி நிற்பதில்லை.

வேகம் கூடும்போது அதை நிறுத்தத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பது பாடசாலைப் பௌதிகம். மணிக்கு 40 கிலோமீற்றரில் எடுத்த வளைவை 60இல் எடுக்கத் துணிந்தவன், பிரேக்கிடம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு வேலை கேட்கிறான். அதுவும் சமதரைக் கணக்கு. மலையகத்தில் இறக்கம் தனிக் கணக்கு. ஒரு தொன் எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தை இழக்கிறது. அந்த இழப்பு முழுவதும் வெப்பமானால் சுமார் நாற்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கியரைக் குறைத்து எஞ்சினிடம் பாதிச் சுமையைக் கொடுப்பவன் பிழைக்கிறான். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவனின் பிரேக் எண்ணெய் கொதிக்கத் தொடங்கும். பழைய எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அப்போது மிதி பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போகும்.

டீசல் மாற்றத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பல கார்களில் பிரேக் மிதிக்குத் துணைவலு கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். எஞ்சினை மட்டும் வாங்கி வந்து, பம்பை மறந்து பூட்டினால், வண்டி புறப்படும், ஓடும், ஏறும். இறங்கும்போதுதான் மிதி கல்லாயிருப்பது தெரியும். இதை எனக்கு விளக்கியவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒரு மெக்கானிக். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். “எஞ்சின் பெருசாயிருச்சுன்னா வண்டி பெருசாயிருச்சுன்னு நெனைக்கிறாங்க சார். ஏறுறது எஞ்சின் வேல. எறங்குறது யாரு வேல?” என்று கேட்டார். இந்தப் பந்தியில் நான் எழுதியிருப்பது எல்லாம் அவருடைய பாடம்தான்.

இந்த இடத்தில் அரசு என்ன செய்கிறது? எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளவேண்டும். சரி. 2008 முதல் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்யவேண்டும். அதுவும் சரி. பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் தனியார் காருக்கு ஆண்டுதோறும் பிரேக்கைச் சோதிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. ஒரு வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்று அறிய விரும்பும் அரசுக்கு, அது நிற்குமா என்று அறியும் ஆவல் இல்லாதது எனக்கு விளங்கவே இல்லை. எஞ்சினின் இலக்கத்தை எழுதிக்கொள்கிறார்கள், அதன் வலு இரட்டித்திருப்பதை எழுதிக்கொள்வதில்லை. இது காரைப் பற்றிய அக்கறையல்ல, களவு போன காரைப் பற்றிய அக்கறை.

புலம்பெயர்ந்து அவுஸ்திரேலியாவில் வாழும் வாசகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே வண்டியின் எடைக்கேற்ப எவ்வளவு பெரிய எஞ்சினைப் பொருத்தலாம் என்று உச்சவரம்பு உண்டு. பெரிய மாற்றம் செய்தால், தகுதி பெற்ற ஒருவர் பிரேக் உட்பட எல்லாவற்றையும் பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். பிரித்தானியாவில் நீண்ட காலம் இருந்த முறை இன்னும் சுவையானது. மாற்றியமைத்த கார் பழைய பதிவிலக்கத்தையே வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளிகள் வேண்டும் என்றார்கள். உடற்சட்டத்துக்கு ஐந்து, ஸ்டியரிங், அச்சு, கியர்த் தொகுதி, அதிர்வுதாங்கி அமைப்பு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. எஞ்சினுக்கு? ஒன்றே ஒன்று. நம் நண்பர்கள் கோயில் சிலையின் உயிர் என்று சண்டை பிடிக்கும் எஞ்சினுக்கு, அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்காரனே கொடுத்த மதிப்பெண் அவ்வளவுதான்.

இதையெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமே, நீ ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்கலாம். அந்தப் பாதைகளின் ஓரத்தில் வாழ்பவர்கள் யார் என்பதுதான் காரணம். மலையகச் சாலைகளில் நடைபாதை கிடையாது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் நடப்பதும், பிள்ளைகள் பாடசாலை போவதும், இஸ்தோப்பிலிருந்து நேராக இறங்கினால் பாதை என்ற அளவில் லயன்கள் நிற்பதும் அந்தச் சாலையில்தான். அதை வெட்டியவர்களும் அவர்களுடைய முன்னோர்தான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பேருந்து ஒரு வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். வேனில் வந்தது ஒரு குடும்பம். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை எஞ்சின் மாற்றிய கார்கள் அல்ல. எந்தச் சாலையில் நாம் குதிரைவலுவைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

பந்தயத் திடலிலும் பார்வையாளர் நிலை இதுதான். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில், ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுதளத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர், இருபது பேருக்கு மேல் காயமடைந்தனர். அதற்கும் எஞ்சின் மாற்றமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம் பந்தயங்களில் காரின் வேகம் கூடிய அளவுக்குக் காருக்கும் கூட்டத்துக்கும் இடையேயான தூரம் கூடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். மேட்டில் ஏறி நின்று, இலவசமாகப் பார்த்து, கைதட்டி ஆர்ப்பரிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பாதைக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கும். சில இடங்களில் அதுவும் இராது.

ஆக, எஞ்சின் மாற்றத்தைத் தடைசெய்யவேண்டும் என்பதா என் வாதம்? இல்லை. தடை செய்தால் அது இரவில் நடக்கும், மலிவாக நடக்கும், வெற்றிடப் பம்பு இல்லாமல் நடக்கும். செய்யட்டும், செய்ததை ஒருவர் பார்த்துக் கையொப்பமிடட்டும் என்பதுதான் என் கட்சி. மூல வலுவைவிடக் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினால் பிரேக்கும் கூடவே மாற்றப்பட்டதற்குச் சான்று கேட்கவேண்டும். மாற்றிய வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இலக்கத்தோடு வலுவும் ஏறவேண்டும். காப்புறுதி நிறுவனமும் அதையே பார்த்துக் கட்டணம் விதிக்கட்டும். பணம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதால் வானம் இடிந்துவிடாது.

கையொப்பமிடுவது யார்? இங்கேதான் எனக்கு இன்னொரு ஆதங்கம். மலையகத்தில் இந்த வேலையைத் திறம்படச் செய்பவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துப் பிள்ளைகள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த குடும்பங்களிலிருந்து, கொழுந்து எடுக்கப் போகாமல் தப்பி, கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள். கை தேர்ந்தவர்கள், ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லாதவர்கள். 1959இல் தொடங்கப்பட்டு இப்போது மொறட்டுவையில் இயங்கும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களுக்கு இவர்களில் எத்தனை பேரால் போகமுடிந்தது? முன் அனுபவத்தைக் கணித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி இந்நாட்டில் சட்டப்படி இருக்கிறது. அதை ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் கொண்டுவந்து, தமிழில் பரீட்சித்து, தேறியவர்களுக்கு வழங்குவதில் என்ன தடை? மலையக அரசியல்வாதிகள் திறப்புவிழாக்களில் வெட்டும் நாடாக்களின் நீளத்தில் ஒரு முழத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டமொன்றும் தேவையில்லை. மாகஸ்தோட்டையில் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் தொழில்நுட்ப அதிகாரிகள் பரிசோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள். கருவிகள் மலைக்கு வருகின்றன, ஆட்களும் வருகிறார்கள். பந்தயத்துக்கு மறுநாள் அதே ஆட்களை நிறுத்திவைத்து, சாலையில் ஓடும் மாற்றிய வண்டிகளையும் வரச்சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பரிசோதனை மேசையில் தமிழ் தெரிந்த ஒருவரையாவது அமர்த்தவேண்டும். வண்டியின் உரிமையாளர் எந்த மொழி பேசினாலும், பொனெட்டைத் திறந்து எதை எங்கே ஏன் மாற்றினேன் என்று விளக்கப்போகிறவன் பெரும்பாலும் தமிழ்ப் பையனாகத்தான் இருப்பான்.